ஏற வேண்டிய நேரத்தில் இறங்கிய முள்

உமரிக்குப்பத்தில் கங்கம்மாளுக்குக் கருமாதி நடந்த அன்று, பந்தியில் மூன்றாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் கங்கம்மாளேதான். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தப் பந்தியில் யாரும் சிரிக்கவில்லை. எதிர்வரிசையில் இருந்த ஆறு ஆண்கள் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் இலையையே பார்த்துச் சாப்பிட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவன் அவள் புருஷன் திருமலை. இன்னொருவன் அவள் தம்பி அரசப்பன்.

அது அறுபத்தாறாம் வருஷம். ஐப்பசிப் புயல் அடித்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

உமரிக்குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் முப்பது வீடுகள் கொண்ட மீன்பிடி ஊர். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம்தான் அந்த முப்பது வீட்டுக்கும் சோறு. அங்கே கழிகளை நட்டு வலை கட்டினால், ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் இறால் தானாக வந்து விழும். ஆனால் இடம் ஒன்று, ஆட்கள் பலர். அதனால் பாடு என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கங்கையம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு வரிசை எடுப்பார்கள். தன் பாடு வருகிற நாளில்தான் ஒருவன் முகத்துவாரத்தில் வலை கட்டலாம். வலை உள்ள வீடுகள் இருபது என்பதால், ஒரு பாடு போனால் அடுத்தது வர இருபது நாளாகும். அன்றைக்கு மீன் வந்தால் வந்தது. வராவிட்டால் அடுத்த இருபது நாளும் ஏரிக்குள் மடவை மீனைத் துரத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான். இரண்டு பேர் சம்மதித்தால் பாட்டை மாற்றிக்கொள்ளலாம். கோயில் பூசாரி பச்சையப்பன் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும்.

ஆகவே அந்த ஊரில் ஒவ்வொருவனுக்கும் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: மீன் என்றைக்கு வரும்? ஒருவன் மேகத்தைப் பார்த்தான், ஒருவன் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தான், ஒருவன் குறி கேட்டான். கங்கம்மாள் முள்ளைப் பார்த்தாள்.

அந்த முள் வீட்டுக்கு வந்தது அறுபதாம் வருஷம். வலைநூல் வாங்கப் பட்டணம் போன திருமலை, மூர் மார்க்கெட்டில் பித்தளை விளிம்பும் கண்ணாடி முகமும் கொண்ட வட்டமான ஒரு கடிகாரத்தைக் கண்டு மயங்கிவிட்டான். சாவி எங்கே என்று கேட்டதற்குக் கடைக்காரர், "சாவி வேணாம் நைனா, தானா ஓடும்" என்றாராம். கூடவே பெண்டாட்டிக்குப் பச்சையில் மஞ்சள் கரை போட்ட ஒரு சீலையும் வாங்கி வந்தான். சீலை நன்றாக உழைத்தது. கடிகாரம் ஓடவே இல்லை.

"ஓடாத கடியாரத்த வாங்கினு வந்த மொத ஆளு நீதான்யா" என்று கங்கம்மாள் ஒரு மாதம் சொல்லிக் காட்டினாள். பிறகு, ஆணி அடித்தாயிற்றே என்று அடுப்பங்கரைச் சுவரில் மாட்டி வைத்தாள்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. கருவாடு காயவைப்பதும், வாரம் ஒருநாள் அதைக் கும்மிடிப்பூண்டிச் சந்தையில் விற்று வருவதும் போக, அவள் கண்கள் பெரும்பாலும் அந்தச் சுவருக்கு நேராகத்தான் இருந்தன. முதல் வருஷத்திலேயே அவள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அதில் இரண்டு முள்கள். மஞ்சள் முள் நடுவிலுள்ள குமிழைத் திருகினால்தான் நகரும். கறுப்பு முள் தானாக நகரும், ஆனால் சுற்றி வராது. இந்தப் பக்கம் கொஞ்சம் போகும், அந்தப் பக்கம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். தினமும் காலையில் மஞ்சள் முள்ளைக் கறுப்பின் மேல் சரியாகத் திருப்பி வைத்தாள். அப்புறம் கறுப்பு எவ்வளவு விலகியது என்பது துல்லியமாகத் தெரிந்தது.

அரசப்பன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுல மாமா எது?" என்றான்.

"எதுடா?"

"நீ திருப்பினா திரும்புதே மஞ்ச முள்ளு, அதான் மாமா" என்று சொல்லி, திருமலை எறிந்த செருப்புக்குத் தப்பி ஓடினான்.

முள் அவளைப் பல மாதம் ஏமாற்றியது. காலையில் இருந்த இடத்தில் மாலையில் இருக்காது. ஏதோ வரப்போகிறது என்று நினைப்பாள், ஒன்றும் வராது. பிறகுதான் புரிந்தது: அது மூச்சு விடுகிறது. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு மணி அடிக்கும்போது ஒரு நெல்லளவு ஏறி நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு நெல்லளவு இறங்கி நிற்கும். வெயிலானாலும் மழையானாலும் அந்த மூச்சு தவறுவதில்லை. ஆகவே காலைப் பத்து மணி முள்ளை நேற்றைய காலைப் பத்து மணி முள்ளோடுதான் ஒப்பிட வேண்டும், மாலையோடு ஒப்பிடக் கூடாது. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் அந்த ஊரில் யாரும் இல்லை.

அப்படி ஒப்பிடத் தொடங்கிய பிறகு முள் பேசியது. மூச்சைக் கழித்துவிட்டு, முள் இடப்பக்கமாக மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மழை. அந்த மழைக்கு முந்தி மடவை மேலே வந்து மேயும், இறால் கூட்டங்கூட்டமாகக் கடலுக்குப் புறப்படும். வலையில் கனம் தெரியும். முள் அடியில் நின்று மேலே திரும்பிவிட்டால் மீன் வாயைக் கட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் ஏரியே செத்துக் கிடக்கும். முள் எங்கே நிற்கிறது என்பது முக்கியமில்லை, எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம்.

அவள் தன்னையே நம்பி ஏமாறுகிறவள் இல்லை. இரண்டு சட்டி வைத்தாள். முள் சொன்னது பலித்தால் ஒரு சட்டியில் ஒரு கிளிஞ்சல், பொய்த்தால் மறு சட்டியில் ஒரு கிளிஞ்சல். சித்திரை வைகாசியில் முள் ஒன்றுக்கும் உதவவில்லை. அந்தக் காலத்தில் தென்காற்றுதான் ராஜா. ஆனால் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை பத்துக்கு ஏழு கிளிஞ்சல் பலித்த சட்டியில் விழுந்தது. ஆறு வருஷத்தில் அந்தச் சட்டி நிரம்பி, பானைக்கு மாற்றியாயிற்று. திருமலை அவள் பேச்சைக் கேட்டு நாலைந்து முறை பாடு மாற்றிக்கொண்டு போய்ப் படகு நிறைய வந்தான். ஊரில் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போதுகூட, "கங்கா, முள்ளு இன்னா சொல்லுது?" என்று கேட்கும்படி ஆயிற்று.

கண்ணாடிக்குக் கீழே முகப்பில் வளைவாகச் சில எழுத்துகள் இருந்தன. இங்கிலீஷ். உமரிக்குப்பத்தில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. கங்கம்மாள் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தாள், சீலைக்குக் கரை மாதிரி.

அந்த ஐப்பசியில் முள் இரண்டு நாளாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதுவரை பார்த்த எந்த இறக்கத்தையும்விடப் பெரிது. இவ்வளவு இறங்கினால் எவ்வளவு வரும்! மறுநாள் பாடு ராஜமாணிக்கத்துடையது. அவன் பெண்டாட்டி செத்துத் தனியாக இருப்பவன், வாய்க்காரன்.

"ஒரு பாட்டுக்கு ரெண்டு பாடு தர்றேன்னு கேளுய்யா" என்றாள் புருஷனிடம்.

திருமலை வாசலில் நின்று கடல் பக்கம் காது கொடுத்தான். "அலை இன்னாவோ கனமா விழுது மே. காத்தே இல்ல, ஆனா அலை மட்டும் வருது. எனக்குப் புடிக்கல."

"ஆறு வருசமா பொய் சொல்லாத முள்ளு. இன்னும் எறங்கினே கீது. உனக்கு அலை பெருசா, அது பெருசா?"

அவன் போய்க் கேட்டான். ராஜமாணிக்கம் சிரித்தான். "ஒண்ணுக்கு ரெண்டா? எடுத்துக்கோ நைனா. உம் பொண்டாட்டி முள்ளு என்னைக் குத்தாம இருந்தா சரி." பச்சையப்பன் காதில் வார்த்தை விழுந்தது. பாடு மாறியது.

விடியும்போது வானம் செம்புப் பானை நிறத்தில் இருந்தது. கடலுக்கு வடிகிற வற்றுத் தண்ணீரோடு, ஒரு சின்ன ஓடத்தையும் கட்டி இழுத்துக்கொண்டு, இரண்டு படகில் ஆறு பேர் போனார்கள். ஒன்பது மணி சுமாருக்கு அரசப்பன் மட்டும் சின்ன ஓடத்தில் திரும்பி வந்தான். நனைந்த தலையோடு வீட்டுக்குள் ஓடி வந்து கத்தினான்.

"அக்காவ்! வலை தாங்கல! கூடை எல்லாம் ரொம்பிப்போச்சு. இருக்கற கூடையெல்லாம் குடு!"

"அவ்ளோவா?"

"இறால் இல்லக்கா அது. மண்ண வெட்டிக் கொட்டற மாதிரி கொட்டுது. மாமா சிரிச்சிக்கினே கீறாரு. நீ கட்டிக்கினு வந்ததுலேர்ந்து அவரு இப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல."

அவள் வீட்டுக் கூடைகளைக் கொடுத்தாள், பக்கத்து வீட்டுக் கூடைகளை வாங்கிக் கொடுத்தாள், கோழி கவிழ்த்திருந்த கூடையையும் எடுத்துக் கோழியைத் துரத்திவிட்டுக் கொடுத்தாள். அரசப்பன் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கரையில் நின்று பார்த்துவிட்டு, கிளிஞ்சல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பானையில் போடக் கையை நீட்டியபோது பள்ளிக்கூட மணி அடித்தது. பழக்கத்தில் தலை தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது.

பத்து மணிக்கு முள் ஒரு நெல்லளவு ஏறி நிற்க வேண்டும். ஏறவில்லை. காலையில் அவள் வைத்த மஞ்சள் முள்ளுக்கும் கறுப்பு முள்ளுக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி. ஏற வேண்டிய நேரத்தில் முள் இறங்கியிருந்தது.

ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அது நடக்கவில்லை. மழையிலும் ஏறியது, காய்ச்சலில் அவள் படுத்துக் கிடந்த நாளிலும் ஏறியது. மூச்சு விடுகிற ஒன்று மூச்சை நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், எதற்கு நிறுத்தியது என்றுதான் தெரியவில்லை. கண்ணாடியை விரலால் தட்டினாள். முள் நடுங்கி, இன்னும் ஒரு மயிரிழை இடப்பக்கம் போய் நின்றது.

முள் நின்ற இடத்து எழுத்துகள் வெறும் அலங்காரந்தானா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. கிளிஞ்சல் கையிலேயே இருந்தது. ஆணியிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி, முந்தானையில் சுற்றிக்கொண்டு, இங்கிலீஷ் படித்தவர் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் இருந்த, ஒரு மைல் தூரத்துத் தபால் ஆபீசுக்கு ஓடினாள்.

போஸ்ட்மாஸ்டர் யதிராஜன் திருவள்ளூர்க்காரர். வீரராகவப் பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அண்ணா கோயிலுக்கு, தம்பி தபாலுக்கு என்று ஆகிவிட்டது. வேர்வை சொட்ட வந்து நின்றவளைப் பார்த்து, "தந்தி அடிக்கறதுன்னா இன்னிக்கு முடியாதும்மா, காலைலேந்து கம்பி பேசலே" என்றார்.

அவள் முந்தானையை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். "இது இன்னாத்த சொல்லுது சார்?"

"ஏம்மா, இதெங்கே கிடைச்சுது உனக்கு?"

"எங்க ஊட்டு கடியாரம் சார்."

"கடியாரமா! காத்தோட கனத்தைக் காட்டற கருவின்னா இது. கப்பல்ல வெச்சிருப்பா." மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். வலப்பக்கத்திலிருந்து விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். "நல்ல வறட்சி. தெளிவு. மாறுதல். மழை…" விரல் நின்றது. முள் மழையைத் தாண்டிவிட்டிருந்தது.

"அதுக்கு அப்பறம் ஒண்ணு போட்டு கீதே சார், இன்னா அது?"

யதிராஜன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "புயல்" என்றார்.

ஆறு வருஷமாக அடுப்பங்கரைச் சுவரில் அந்தச் சொல் எழுதியிருந்தது. தினமும் துணியால் அதைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தவள் அவளே.

"முள்ளு எறங்கினா மீனு வரும் சார்" என்றாள். "இன்னிக்குக்கூட வந்துது. வலை தாங்காம வந்துது."

"அது வரலேம்மா" என்றார் யதிராஜன் மெதுவாக. "அதுகளுக்கு நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஓடறதுகள்."

கருவியை அங்கேயே போட்டுவிட்டு அவள் திரும்பி ஓடினாள். வழியெல்லாம் ஒரே கணக்குதான் மனதில் ஓடியது. முகத்துவாரத்தில் ஆறு பேர். அவர்களை அங்கே அனுப்பியவள் அவள். அலை கனமாக இருக்கிறது என்றவனை வாயடைத்து அனுப்பியவள் அவள். இப்போது ஓடத்தில் ஓர் ஆளை அனுப்பி, முள் இறங்குகிறது, வந்துவிடுங்கள் என்று சொன்னால் திருமலை என்ன சொல்வான்? இறங்கினால் நல்லதென்று நீதானே சொன்னாய் என்பான். வலை நிறைந்து பிதுங்கும்போது யார் விட்டுவிட்டு வருவான்?

கோயில் திடலில் பச்சையப்பனும் ராஜமாணிக்கமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் சொன்னதைக் கேட்டு ராஜமாணிக்கத்தின் முகம் வெளுத்தது. "நான் போயி சொல்றேம்மா. ஆனா வர மாட்டாங்க. பாட்ட மாத்திக் குடுத்துட்டு, இப்ப பொறாமைல வந்து கெடுக்கறேன்னுவான் உன் ஊட்டுக்காரன்."

அது உண்மை. அப்போதுதான் அவள் கண்ணில் கோயில் முன்னாலிருந்த சவுக்குக் கம்பம் பட்டது.

அந்தக் கம்பத்துக்கு ஒரே ஒரு வேலை. ஊரில் சாவு விழுந்தால் செத்தவருடைய துணியை அதில் ஏற்றுவார்கள். ஆணென்றால் வேட்டி, பெண்ணென்றால் சீலை. முகத்துவாரத்திலிருந்து பார்த்தால் எந்த வீடு என்று தெரிந்துவிடும். மற்ற வீட்டுச் சாவென்றால் வலையை முறையாகப் பிடுங்கி, சுருட்டி, படகில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். சொந்த வீட்டுச் சாவென்றால் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வர வேண்டும். அப்படி வராதவனுக்குக் கொள்ளி வைக்க உரிமை கிடையாது.

வீட்டுக்குப் போய்ப் பச்சைச் சீலையை எடுத்து வந்தாள்.

பச்சையப்பன் கம்பத்தை மறித்து நின்றார். "இன்னாம்மா பண்ணப்போற? பொணம் எங்க?"

"நாந்தான் மாமா."

"அடிப்பாவி! இது வெளையாட்டா? ஏத்தினா சும்மா எறக்க முடியாது. பதினாறு முடிக்கணும். இல்லன்னா ஏத்தின கொடி அதும் பங்குக்கு ஒர்த்தர எடுத்துக்கும்."

"முடிங்க."

"யாரும்மா முடிக்கறது, நீ நின்னுக்கினு கீறப்ப!"

"ஆறு பேரு மாமா" என்றாள். "என் ஒருத்தி பேரு போனா போவட்டும்."

அவர் கயிற்றைத் தொட மறுத்தார். ராஜமாணிக்கமும் தொடவில்லை. அவளே கட்டினாள், அவளே இழுத்தாள். கயிறு கப்பியில் கீச்சிட்டு ஏறியது. மேலே போன சீலை ஒரு கணம் தொங்கிக் கிடந்தது. பிறகு எங்கிருந்தோ வந்த முதல் காற்று அதை விரித்துப் பிடித்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். தன் சாவுக்கொடியைத் தானே பார்க்கிற கண் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படகுகள் வந்தன. அவ்வளவு வேகமாக அந்த ஏரியில் யாரும் துடுப்புப் போட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். படகு தரை தட்டுவதற்கு முன்பே திருமலை தண்ணீரில் குதித்தான். மார்பில் அறைந்துகொண்டு, "கங்கா, கங்கா" என்று வாய் ஓயாமல் வந்தவன், கரையில் நின்றவளைப் பார்த்ததும் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டான். கூப்பிட்ட வாய் மூடவில்லை. கண் இமைக்கவில்லை. ஆளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

பின்னால் வந்த அரசப்பன்தான் முதலில் பேசினான். "யாரு செத்தது?"

"நானு."

அவன் துடுப்பை ஓங்கிக்கொண்டு வந்தான். "சொக்கா கிழிஞ்சி, கை கிழிஞ்சி வந்தோமேடி! அந்த வலைய உட்டுட்டு வந்தோமேடி! உனுக்குப் பைத்தியம் புடிச்சிட்ச்சா?" அக்காளை அதுவரை 'டி' போட்டு அவன் பேசியதே இல்லை.

ராஜமாணிக்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் காட்டினான். அங்கே வானமும் கடலும் சேருகிற கோடு இல்லை. இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

பகல் இரண்டு மணிக்குள் ஊரே பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக் கல் கட்டடத்தில் அடைந்து கிடந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்ல வார்த்தை கிடையாது. ஓலைக் கூரைகள் பறவை மாதிரி போயின. காட்டுப்பள்ளிப் பக்கம் எத்தனையோ படகுகள் காணாமல் போயின. மறுநாள் போய்ப் பார்த்தபோது முகத்துவாரம் இருந்த இடத்தில் முகத்துவாரமே இல்லை. மணல்மேடு இடம் மாறி உட்கார்ந்திருந்தது. நட்ட கழிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. கம்பம் அடியோடு ஒடிந்து கிடந்தது. சீலையைக் காணவே காணோம்.

ராஜமாணிக்கம் அந்த மணல்மேட்டை வெகுநேரம் பார்த்தான். "எம் பாட்டுல நான் வந்திருந்தா, எனக்கு எவ சீலை ஏத்தியிருப்பா?" என்றான்.

பச்சையப்பன்தான் ஊரைக் கூட்டினார். "ஏத்தினது எறங்கல. ஏறின சீலைய பதினாறாம் நாளு எறக்கி ஏரியில உடணும். காத்து தூக்கினு போயிட்ச்சு. கணக்கு தெறந்தே கெடக்குது." அவர் அவளைத் திட்டவில்லை. அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. பொய்ச் சாவு சொன்ன ஊரென்று பிறகு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றார் ஒருவர். ஆறு உயிர் பெரிதா, ஒரு கொடி பெரிதா என்றார் இன்னொருவர். கடைசியில் முடிவானது இது: கொடி ஏறிய பெயருக்குக் கருமாதி. ஆள் இருக்கலாம். அந்தப் பெயர் இனி ஊரில் இருக்கக் கூடாது.

அப்படித்தான் கங்கம்மாள் தன் கருமாதிச் சோற்றைத் தானே சாப்பிட்டாள். கொள்ளிச் சட்டி கிடையாது, தூக்கப் பாடையும் கிடையாது. பெயரை மட்டும் ஓலையில் எழுதி ஏரியில் விட்டார்கள். எழுதிக் கொடுத்தவர் யதிராஜன். புதுப் பெயரும் அவர்தான் சொன்னார். "எங்க ஊர்க் கோயில்ல பெருமாளுக்குப் பக்கத்துல தனிச் சன்னதியில இருக்கறவ தாயார். தாயாரம்மாள்னு இருக்கட்டும்."

ஊர் ஒரே வாரத்தில் புதுப் பெயருக்குப் பழகிவிட்டது. பழகாதவன் திருமலை ஒருவன்தான். முகத்துவாரத்திலிருந்து கரைக்கு வந்த அந்த அரைமணி நேரத்தில் அவன் ஒருமுறை பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டிருந்தான். கரையில் அவள் நின்றதால் அது நடக்காததாகிவிடவில்லை. சில நாள் காலையில் அவள் அடுப்பு ஊதும்போது பின்னால் வந்து நின்று, தோளை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பான். "கீறேன்யா" என்பாள் திரும்பாமலே. அவன் போய்விடுவான்.

கருவியை யதிராஜன் திருப்பிக் கொடுத்தார். வேறொருத்தியாக இருந்தால் ஏரியில் எறிந்திருப்பாள். அவள் பழைய ஆணியிலேயே மாட்டினாள். முன்னைவிடக் கண்டிப்பாகப் பார்த்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பாட்டையும் மாற்றச் சொல்லவில்லை. பத்து மணி மூச்சு வந்ததா என்று பார்க்காமல் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் எழும்பி, ஊர் ஆண்களில் சிலர் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கிய எழுபதுகளிலும், முகத்துவாரத்துக்குப் போகிறவர்கள் அவள் வாசலில் நின்று, "தாயாரம்மா, முள்ளு இன்னா சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். மீனுக்கு ஒரு பதில், காற்றுக்கு ஒரு பதில் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வாள். வருஷத்தில் ஓரிரு நாள் அந்தப் பதில் இப்படி வரும்:

"மீனு கொட்டும். யாரும் போவாதீங்க."

கேட்டவர்கள் மறுபேச்சில்லாமல் துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்புவார்கள்.

புயல் நாளன்று கையில் வைத்திருந்த கிளிஞ்சலை அவள் எந்தச் சட்டியிலும் போடவில்லை. முள் சொன்னது பலித்ததா, பொய்த்ததா? மீன் வரும் என்றது, வந்தது. கருவியின் பித்தளை விளிம்பு மேலேயே அந்தக் கிளிஞ்சல் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. துடைக்கும்போது எடுப்பாள். துடைத்துவிட்டு அங்கேயே வைப்பாள்.

எழுபத்தேழாம் வருஷம் மாசி மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணி சுமாருக்கு, கருவாட்டுப் பந்தலுக்கு அடியில் குனிந்தவள் நிமிரவில்லை. காய்ச்சல் இல்லை, வலி என்று ஒரு வார்த்தை இல்லை. திருமலை வந்து தோளை ஒரு விரலால் தொட்டான். "கீறேன்யா" என்ற பதில் வரவில்லை. மறுபடியும் தொட்டான்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு தபா கொடி ஏத்தற வழக்கமில்லியே" என்று பச்சையப்பன் தயங்கினார்.

"அன்னிக்கிப் போனது கங்கா" என்றான் திருமலை. "இது தாயாரம்மா." அவனே சீலையை ஏற்றினான்.

அன்று முகத்துவாரத்தில் பாடு ராஜமாணிக்கத்துடையது. சொந்த வீட்டுச் சாவில்லை. வலையை முறையாகப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு சாவகாசமாக வந்திருக்கலாம். அவனும் அவனோடு இருந்தவர்களும் சீலையைப் பார்த்தார்கள், பிறகு வானத்தைப் பார்த்தார்கள். வலையைக் கழியிலேயே விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார்கள். ஏரிக்குள் இருந்த மற்றப் படகுகளும் அப்படியே வந்தன. கரையில் இறங்கிய ஒவ்வொருவனும் கடல் பக்கம் திரும்பி, கறுப்பாக ஏதாவது எழும்புகிறதா என்று தேடினான். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

ராஜமாணிக்கம் வீட்டுக்குள் வந்து, பாயில் கிடந்தவளைப் பார்க்காமல் நேராகச் சுவரைப் பார்த்தான்.

"முள்ளு இன்னா சொல்லுது திருமலை?"

"ஏறிக்கினு கீது. பத்து மணிக்கு ஏறுமே, அப்டியே."

ராஜமாணிக்கம் அப்போதுதான் பாயைப் பார்த்தான். அவள் எழுந்து உட்கார்ந்து, ஆறு பேர் என்று எதையாவது சொல்வாள் என்பது போலக் காத்து நின்றான். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான்.

"அப்ப நெசந்தானா?" என்றான்.